பேச்சு முடியும்வரை மின்சாரம்

எங்கள் ஊரில் கரண்ட் இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். மின்துறையின் பதிவேட்டில் இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊரில் கரண்ட் எரிந்துகொண்டிருக்கிறது. பச்சை மையில் எழுதி, கீழே மூன்று பேர் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். நானே என் கண்ணால் பார்த்தேன். அத்தனை அழகான எழுத்தைப் பார்த்த பிறகு, நம் வீட்டில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஆறு பேர் ஓர் இரும்புக் கம்பத்தைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே குழி தோண்டி நட்டார்கள். எங்களைச் சுற்றி நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். "கம்பி எப்ப சார் வரும்?" என்று என் அப்பா கேட்டார். "கம்பமே வந்துருச்சு, கம்பி வராமலா போயிரும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பம் நிற்கிறது. அதிலிருந்து பள்ளிக்கூட ஜன்னல்வரை துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறோம். முதுகு அரித்தால் ஆடுகள் வந்து தேய்த்துக்கொள்ளும். ஊருக்கு உபயோகமாகத்தான் இருக்கிறது, துறையைக் குறை சொல்லக் கூடாது.

நான் மடைக்காரன். மலைமேல் ஓடையிலிருந்து வரும் வாய்க்காலில், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போக வேண்டும் என்று முறை பார்த்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் என் வேலை. ஊரில் நாற்பத்தொரு வீடு. விடிந்தால் எழுந்து, இருட்டினால் படுக்கிற ஜனங்கள். கரண்ட் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, என் மனைவிக்கு மூச்சு இழுப்பு வரும்வரை.

முதலில் குளிர்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு நாள் கிழமை பார்க்காமல் வர ஆரம்பித்தது. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இறைப்பதுபோல இழுப்பாள். வாயில் வைத்து உறிஞ்சுகிற சின்னக் குப்பியெல்லாம் அவளுக்குக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் இறங்கினால் ரோடு வரும். அங்கிருந்து பஸ். ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் ஒரு மூடியை வைத்து மருந்துப் புகையை விடுவார்கள். பத்தே நிமிடம். என் மனைவி மறுபடியும் மனுஷியாகி, "ஏங்க, கோழிக்குத் தீனி வச்சீங்களா?" என்று கேட்பாள். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒவ்வொரு முறையும் செத்துச் செத்துப் பிழைத்தோம்.

எங்கள் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் டாக்டரம்மா ஒரு நாள் அந்த மிஷினையே எங்களிடம் கொடுத்துவிட்டார். "வீட்லயே வச்சுக்குங்க. மருந்தை ஊத்தி, பிளக்கைச் சொருகினா போதும்."

"எதுல சொருகணும் டாக்டர்?"

"சுவத்துலதான்."

எங்கள் வீட்டுச் சுவர் மண் சுவர். எங்கே வேண்டுமானாலும் சொருகலாம்.

ஒரு வருடம் அந்த மிஷின் துணி சுற்றிப் பெட்டிமேல் இருந்தது. பிறகு என் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி, கீழே டவுனில் பம்பு மெக்கானிக். அக்கா மூச்சுக்கு அல்லாடுவதைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றான். எதிரே வாய்க்கால் தண்ணீர் பாறையிலிருந்து பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தான். "மாமா, பம்பு தண்ணியத் தள்ளுதுல்ல? அப்ப தண்ணி பம்பத் தள்ளாதா?" என்றான்.

தள்ளியது. பழைய பம்பு ஒன்றைத் திருப்பி வைத்து, மேலேயிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை அதற்குள் விட்டால், அது சுற்றும். அதோடு சேர்ந்த மோட்டாரும் சுற்றும். மோட்டார் கரண்ட் கொடுக்கும். கரண்டை ஏறாமல் இறங்காமல் பிடித்துவைக்க ஒரு தகரப் பெட்டி. அதையும் அவனே செய்தான். ஏழு வாரம் ஊரே மண் சுமந்தது. குழு, தலைவர், பொருளாளர் என்று எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் முறை இருக்கிறதே, அதே முறைதான் மிஷின் கொட்டகைக்கும். வீட்டுக்கு இரண்டு பல்பு. கரண்ட் கொஞ்சம்தான் என்பதால் ஒரே ஒரு சட்டம் போட்டோம். என் மனைவிக்கு இழுப்பு வந்தால் நான் பள்ளிக்கூடத்துக் கம்பத்தில் சிவப்புத் துண்டைக் கட்டிவிட வேண்டும். துண்டு தொங்கும்வரை ஊரில் யாரும் மிக்ஸி போடக் கூடாது, அயர்ன் பாக்ஸ் போடக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கம்பம் மின்சாரத்துக்கு உதவியது.

பதினோரு நாள் ஓடியது. இரண்டு தடவை துண்டு கட்டினேன். இரண்டு தடவையும் ஊர் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு, பாதி அரைத்த மாவோடு காத்திருந்தது. என் வீட்டுக்குள் மிஷின் உறுமியது. என் மனைவி என் கையைப் பிடித்தபடி, மூடிக்குள்ளேயிருந்து சிரித்தாள். அந்தப் பதினோரு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், பின்னால் வருவதெல்லாம் துறை சம்பந்தப்பட்டது.

இப்போது எங்கள் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மேல்மடையைத் திறப்பதற்கு முன்னால் கீழ்வயல்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவன் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் திறப்பவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. அப்படி வளர்ந்த ஜனங்களுக்கு மனசு கேட்குமா? கரண்டுக்கு என்று ஒரு துறை இருக்கிறது, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று எல்லோருக்கும் உறுத்தியது. உட்கார்ந்து கடிதம் எழுதினோம். "ஐயா, எங்கள் ஊருக்கு வேண்டிய கரண்டை நாங்களே எடுத்துக்கொண்டோம். இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம். ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகவும்." கீழே நாற்பத்தொரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம்.

விஷயம் தெரிந்ததும் மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "கரண்ட் வந்தா ஸ்விட்ச் போடுவாங்க மாமா. லெட்டரா போடுவாங்க?"

இருபத்திரண்டு வருடம் ஏறாத மலையில் மூன்றாம் நாளே ஏறி வந்துவிட்டார் மின்துறை இன்ஸ்பெக்டர். முழுக்க ஏறவில்லை. பாதி வழியில் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. என் மனைவியை இறக்குகிற மூங்கில் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடி, நாங்களே தூக்கிவந்தோம். நல்ல கனம்.

கொட்டகைக்குள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்த பல்பை அண்ணாந்து பார்த்தார்.

"யாரைக் கேட்டு எரியுது இது?"

மச்சினன் முன்னால் வந்தான். "தண்ணி விழுது சார், எரியுது."

"ஏற்கெனவே கரண்ட் இருக்கற ஊருக்கு இது ரெண்டாவது கரண்ட். ரெண்டும் மோதிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"முதல் கரண்ட் எங்க சார் இருக்கு?"

"ரெக்கார்டுல."

ரெக்கார்டை ரிப்பேர் பார்க்க மச்சினனுக்குத் தெரியாது. அவன் வெறும் பம்பு மெக்கானிக்.

இன்ஸ்பெக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டார். "கரண்டுங்கறது எமன். அது எங்களுக்குத் தெரியும். அதனாலதான் எங்க துறை கவனமா இருக்கு. இந்த வட்டாரத்துலயே இருபத்திரண்டு வருஷமா ஒரு மின்விபத்துகூட நடக்காத ஊர் எது தெரியுமா? உங்க ஊருதான். ஒருத்தருக்கும் ஷாக் அடிச்சதில்ல. ஒரு ஃபியூஸ் போனதில்ல. கரண்ட் கட்டுனு ஒரு புகார் வந்ததில்ல. மத்த ஊருக்கெல்லாம் உங்க ஊரைத்தான் நாங்க உதாரணமாச் சொல்றோம். அப்பேர்ப்பட்ட பேரை இப்படிக் கெடுக்கப் பாக்குறீங்களே, நியாயமா?"

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குழாயை அடைத்து, அதன் வால்வுச் சக்கரத்தில் கம்பி சுற்றி, ஈயத்தில் முத்திரை வைத்தார். முத்திரையை உடைத்தால் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேர்மேலும் வழக்கு என்று படித்துக் காட்டினார். எங்கள் கடிதம் அதற்கு வசதியாக இருந்தது, பட்டியல் தயாராக இருந்தது. பிறகு அந்தத் தகரப் பெட்டியைக் கழற்றச் சொல்லி, பரிசோதனைக்கு வேண்டும் என்றார். அது இல்லாவிட்டால் பம்பு சுற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

என் மனைவி மிஷினைத் துணியோடு எடுத்துக்கொண்டு வந்து அவர்முன் நின்றாள். "சார், இதுக்கு மட்டும் விட்டுருங்க சார். பல்பு வேணாம். இது இல்லன்னா எனக்கு மூச்சு விட முடியாது."

அவர் மிஷினைக் கையில் வாங்கிப் பார்த்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "உங்க பாதுகாப்புக்காகத்தாம்மா இவ்வளவும் பண்றேன்" என்றார். பெட்டியை ரோடுவரை சுமந்துபோய்க் கொடுத்தது யார் என்கிறீர்கள்? நானும் மச்சினனும்தான். இன்ஸ்பெக்டரையும் சேர்த்துத்தான்.

அன்றிலிருந்து டவுனில் இருக்கிற மின்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். நீளமான அறை, பதினாலு மேஜை, எல்லாவற்றுக்கும் நம்பர். வெளிச்சமான அறை. பகலிலும் இருபது குழல்விளக்கு எரியும். நான் பார்க்க வேண்டியது நாலாம் மேஜை கிளார்க்கை. முதல் நாளே எனக்கு ஒரு பழகிய முகம் அங்கே கிடைத்தது. எங்கள் தகரப் பெட்டி. கிளார்க் அதன்மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது எங்க பெட்டி சார்."

"பரிசோதனையில இருக்குப்பா" என்றார், காலை எடுக்காமல். "உங்க ஊர் மிஷினுக்கு அனுமதி வேணும், அவ்வளவுதான? மூணே பேப்பர். முதல்ல, உங்க ஊர்ல கரண்ட் இல்லைன்னு ஒரு சான்றிதழ். கரண்ட் இல்லாத ஊருக்குத்தான் சொந்தமா எடுக்க அனுமதி."

"அதைக் கொடுங்க சார்."

"எப்படிக் கொடுக்கறது? ரெக்கார்டுல இருக்கே."

"கம்பம் மட்டும்தான் சார் இருக்கு."

"அப்ப இருக்குங்கற."

கிளார்க் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "இங்க பாரு. மொதல்ல நீ புதுசா கனெக்‌ஷன் கேட்டு எழுதிக் கொடு. கனெக்‌ஷன் வந்ததும், கட் பண்ணச் சொல்லி எழுதிக் கொடு. கட் பண்ணினதும், இல்லைன்னு சான்றிதழ் வாங்கிக்கோ."

"கனெக்‌ஷனே வந்துட்டா, அப்புறம் எதுக்கு சார் எங்க மிஷின்?"

"அதை நீதான் முடிவு பண்ணணும். உனக்கு என்ன வேணும்னு தெரியாம இங்க வந்து உக்காந்தா நான் என்ன பண்றது?"

புதுக் கனெக்‌ஷன் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஏற்கெனவே கரண்ட் உள்ள ஊர் என்று திரும்பி வந்தது.

இரண்டாவது பேப்பர், எதிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம் என்ற படிவம். அதில் சூரியன் என்று ஒரு கட்டம், காற்று என்று ஒரு கட்டம். தண்ணீர் இல்லை. தண்ணீர் என்றால் அணைப் பிரிவு, பதினோராம் மேஜை. அங்கே நாற்பது பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அணையின் உயரம் என்ன என்று கேட்டிருந்தது. எங்கள் வாய்க்கால் கரை ஒன்றரை அடி. நீரில் மூழ்கப்போகும் ஊர்களின் பெயர் எழுதவும் என்று இருந்தது. ஒன்றும் மூழ்காது என்று எழுதினேன். பதினோராம் மேஜைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு ஊர்கூட மூழ்கலன்னா இது என்னப்பா திட்டம்? மேல அனுப்பினா சிரிப்பாங்க. ஒரு சின்ன ஊராவது காட்டு."

"எங்க ஊரு மட்டும்தான் சார் இருக்கு."

"அதையே எழுது."

அடுத்த கட்டம், இடம்பெயர்ந்து போகிறவர்கள் எத்தனை பேர். எனக்கு அப்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு பேர் என்று எழுதினேன். நாற்காலியில் என் மனைவி, தூக்குகிற நான்கு பேர், மருந்துப் பையோடு நான். அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை இடம்பெயர்ந்தோம். மூன்றாவது தடவை, ரோட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. பஸ்ஸில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படிவத்தாலேயே விசிறினேன். நாற்பது பக்கம், நல்ல காற்று வந்தது.

மூன்றாவது பேப்பரைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் இரண்டும் முடிந்தால்தான் அது என்ன என்று சொல்வார்களாம்.

இப்படி எட்டு மாதம் போனபிறகு, ஒருநாள் கிளார்க் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பெட்டிமேலிருந்து காலை எடுத்தார். "வாங்க வாங்க! உங்க ஊருக்கு விருது வந்திருக்கு!"

"எதுக்கு சார்?"

"மக்களே முன்வந்து மின்சாரம் எடுத்த முன்மாதிரி கிராமம். நாற்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டு, நாங்களே எடுத்துக்கிட்டோம், இனி சிரமப்பட வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே, அந்த லெட்டரை எங்க துறைப் பெரியவர் படிச்சுட்டுக் கண் கலங்கிட்டாராம். துறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்களைச் சிரமப்பட வேணாம்னு யாருமே சொன்னதில்லையாம். அவரே மேல வந்து விழா நடத்தப் போறார்."

"சார், அந்த மிஷினுக்குத்தான சார் சீல் வச்சிருக்கீங்க?"

"சீல் வச்சது மூணாம் மேஜை. விருது ஒன்பதாம் மேஜை. ஒரு மேஜையில நடக்கறது இன்னொரு மேஜைக்குத் தெரிஞ்சா ஆபீஸ் நடக்குமா?"

விழா நாள் வந்தது. மைக்குக்குக் கரண்ட் வேண்டும், விருந்தினர்களுக்கு விசிறி வேண்டும், பந்தலைச் சுற்றிக் கலர் பல்பு எரிய வேண்டும். அதனால் கீழேயிருந்து ஒரு டீசல் ஜெனரேட்டர் வந்தது. பன்னிரண்டு பேர் தோளில் சுமந்து ஏற்றினோம். மின்சாரம் எடுத்த கிராமத்துக்கு விருது கொடுக்க, மின்சாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். எங்கள் பம்புக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். முத்திரை அழகாகத் தெரியும்படி ரிப்பனைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டார்கள்.

வந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் போய்க் கெஞ்சினேன். "சார், நீங்கதான் வச்சீங்க. நீங்களே வந்திருக்கீங்க. ஒரு கை வச்சு எடுத்து விட்டுருங்க."

"நான் இன்னைக்கு விருந்தாளியா வந்திருக்கேன்பா. டியூட்டியில இல்ல. டியூட்டியில இல்லாதவன் முத்திரையத் தொட்டா குத்தம்" என்று சொல்லிவிட்டு ரிப்பனைச் சரிசெய்தார்.

பெரிய அதிகாரி பேச எழுந்தபோது, ஜெனரேட்டர் புகை பந்தலைத் தாண்டி எங்கள் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓடினேன். நான் பயந்தது சரிதான். என் மனைவி வாசற்படியில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. பேச முடியவில்லை. கண்ணால் மட்டும் என்னைத் தேடினாள்.

மூங்கில் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். தூக்குகிறவர்கள் பந்தலில் இருக்கிறார்கள். மூன்று மணி நேரம் இவள் தாங்கமாட்டாள். அப்போதுதான் மச்சினன் மிஷினை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "மாமா, அக்காவத் தூக்குங்க. மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் ஒயர்ல ஒரு பிளக் பாயிண்ட் சும்மா இருக்கு!"

தூக்கிக்கொண்டு ஓடினோம். புகை எட்டாத இடமாக மேடைத் துணிக்குப் பின்னால் அவளை உட்காரவைத்து, மருந்தை ஊற்றி, மூடியை முகத்தில் வைத்து, மச்சினன் பிளக்கைச் சொருகினான். மிஷின் உறுமியது. துறையின் மின்சாரம் இருபத்திரண்டு வருடம் கழித்து என் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

துணிக்கு அந்தப் பக்கம் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். "இருட்டுன்னா என்னன்னு எனக்கும் தெரியும். போன வாரம் எங்க குடியிருப்புல நாலு நிமிஷம் கரண்ட் போச்சு. முழுசா நாலு நிமிஷம்! நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்ப இந்த மாதிரி மலையில இருக்கற ஜனங்களை நினைச்சுப் பாத்தேன். நினைச்சதோட நிக்கல. உடனே ஒரு குறிப்பு எழுதினேன். கரண்ட் வந்த பிறகுதான் எழுதினேன், இருட்டுல எழுத முடியாதில்லையா? சரி, உங்களுக்கும் வேலை இருக்கும். நான் இத்தோட முடிச்சுக்க..."

மிஷின் ஓட ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சு முடிந்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், டீசல் அளந்து ஊற்றியிருந்தது. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு ஓடினேன். கம்பத்தில் கட்டினேன். கட்டிவிட்டு அங்கிருந்தே கத்தினேன்.

"ஐயா! அந்தக் குறிப்புல என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க ஐயா!"

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு கம்பத்தில் தொங்கிய துண்டைப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஆமாங்கய்யா, சொல்லுங்க!" என்றான் தச்சன். "முழுசாச் சொல்லுங்க!" என்றாள் அவன் பெண்டாட்டி. அதிகாரி திகைத்துப்போய், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குறிப்பை முதலிலிருந்து சொன்னார். கைதட்டினோம். எப்படி வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டோம், சொன்னார். முதல் பதவி உயர்வு எப்போது கிடைத்தது என்று கேட்டோம். அந்தச் சமயத்தில் அவருக்குக் கிடைத்த மேஜை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எதிர்வீட்டு அண்ணி கேட்டாள். அதையும் சொன்னார். எனக்குப் பேச்சு என்றாலே எரிச்சல் வரும். அன்றைக்கு, இந்த மனுஷன் சாயங்காலம்வரை வாயை மூடக் கூடாது என்று மனமுருகி வேண்டிக்கொண்டு நின்றேன்.

"முப்பது வருஷமாப் பேசிக்கிட்டிருக்கேன்," என்றார் அவர். உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "எங்க வீட்லகூட என்னை இன்னும் பேசுங்கன்னு யாரும் சொன்னதில்ல. உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்னு தெரியல."

நாங்கள் என்ன கேட்பது? முத்திரை என்று வாயெடுத்தால் அதைப் பார்க்க இறங்கிவிடுவார், பேச்சு நின்றுவிடும். பேசுங்கள் ஐயா என்றோம்.

ஆனால் மூங்கில் நாற்காலியிலிருந்து இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதிகாரி மனசில்லாமல் மைக்கைவிட்டு இறங்கினார். ஜெனரேட்டர் நின்றது. கலர் பல்பு அணைந்தது. நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். மிஷின் நின்றுபோயிருந்தது. மூடிக்கடியில் மருந்து இன்னும் கால்வாசி இருந்தது. என் மனைவி மேடைக்காலில் சாய்ந்துகொண்டு, களைத்துப்போய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். முழு மூச்சு இல்லை, முக்கால் மூச்சு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஜெனரேட்டரைத் திரும்பக் கீழே சுமக்கக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனேன். சான்றிதழ் இல்லை. படிவம் மேலே போயிருக்கிறது. விருதுக்குப் பிறகு முத்திரையைப் பற்றிப் பேசினால் துறைக்கு அசிங்கம் என்றார்கள். தகரப் பெட்டி கிளார்க்கின் காலடியில் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சார், எங்க ஊர்ல இன்னொரு விழா வைக்கணும்."

கிளார்க் நிமிர்ந்தார். "எதுக்கு?"

"விருது கொடுத்ததுக்கு நன்றி சொல்ல. பெரியவர் வந்து பேசணும். நிறைய நேரம் பேசணும்."

எட்டு மாதம் அசையாத அலுவலகம் எழுந்து ஓடியதை அன்றுதான் பார்த்தேன். பதினாலு மேஜையும் தாண்டி அந்தப் பேப்பர் அரைமணி நேரத்தில் கையெழுத்தாகி வந்துவிட்டது. ஜெனரேட்டர், டீசல், மைக், எல்லாவற்றுக்கும் அனுமதி. பெரியவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாராம்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் படுக்கையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். இப்போதெல்லாம் படுக்க முடிவதில்லை.

"அடுத்த மாசம் பதினேழாந் தேதி. காலையில பதினோரு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். தாராளமா மிஷின் போட்டுக்கலாம்."

அவள் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. அது அடங்கியதும் கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு வரைக்கும் எனக்கு இழுப்பு வராம இருக்கணுமே. அன்னைக்குப் பதினோரு மணிக்குச் சரியா வரணுமே. அதுக்கு யார்கிட்ட எழுதிக் கொடுக்கறது?"

எந்த மேஜை என்று எனக்குத் தெரியவில்லை.